ஒரு டம்ளர் மோருக்குப் பத்துக் கை

இங்கன ஒக்காரலாமாக்கா? ஆளு வருதா? வரலைன்னா கொஞ்சம் உள்ள நகந்துக்கங்க. ஆத்தாடி, என்னா கூட்டம்! நம்ம பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லைன்னு ஆனதுல இருந்து இந்தக் கண்டக்டரு நம்மளப் பாக்குற பார்வையே வேற. என்னமோ அவன் வீட்டுக் காசுல டீசல் ஊத்துற மாதிரி. ஏப்பா, என்ன மொறைக்கிற? சீட்டக் கிழி. கோர்ட்டு ஸ்டாப்பு ஒண்ணு.

கோர்ட்டுன்ன ஒடனே ஒரு இஞ்சு தள்ளி ஒக்காந்தீங்க பாருங்க, அத நான் பாத்துட்டேன். பயப்படாதீங்கக்கா, நான் சாட்சி. பதினோரு மணிக்கு ஜட்ஜு முன்னாடி நின்னு ஒரு பேரச் சொல்லணும். தெய்வேந்திரன். எங்க வீட்டுக்காரரு முதுகுல அருவாள எறக்குனவன். கண்ணால பாத்தவ நான் ஒருத்திதேன். அன்னைக்குப் போலீசுல பேரு குடுத்தாச்சு, இருந்தாலும் ஜட்ஜு முன்னாடி சத்தியம் வச்சுச் சொன்னாத்தேன் கேசு நிக்கும்னு வக்கீலு சொல்றாரு. நின்னுச்சுன்னா ஏழு வருசத்துக்குக் கொறையாதாம். சொல்லத்தேன் போறேன். சொல்லாம என்ன, அவன் எனக்கு மாமனா மச்சானா?

என்னயப் பத்தி நானே சொல்லக்கூடாது. ஆனா சொல்ல வேற ஆளு கூட வரலையே. சுனைப்பட்டியில எறங்கி தவமணின்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ளகூட வீட்டக் காட்டும். எட்டாவது வார்டு மகளிரணி நாந்தேன். எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புரோட்டாக் கடை வச்சிருக்காரு. அவரு மாவு பெசைவாரு, நான் வெங்காயம் அரிவேன், இருபத்திரெண்டு வருசமா அப்படித்தேன் ஓடுது. அது பொழப்பு. அதுபோக ஊருக்கு நான் செய்யிற சேவை ஒண்ணு இருக்கு. வாட்சப்புல ‘சுனைப்பட்டி இன்று’ன்னு ஒரு குரூப்பு. தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரு இருக்காக. யாரு செத்தா, எந்தத் தெருவுல கரண்டு கட்டு, எவன் வீட்டு மாட்டக் காணாம், யாருக்கு ரத்தம் வேணும், எல்லாம் நான் போட்டாத்தேன் ஊருக்குத் தெரியும். நல்லது நடந்தாலும் போட்டுருவேன். இன்னாரு பள்ளிக்கூடத்துக்கு பேன் வாங்கிக் குடுத்தாரு, இன்னாரு அநாதைப் பொணத்த எடுத்து அடக்கம் பண்ணுனாருன்னு போட்டோவோட போடுவேன். நல்லது செஞ்சா மட்டும் பத்தாதுக்கா. செஞ்சது நாலு பேருக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான அடுத்தவனுக்கும் செய்யணும்னு தோணும்?

எனக்கு மனசு எளகுன மனசு. கோவம் மட்டும் கொஞ்சம் வரும். ஆனா காரணமில்லாம நான் கை நீட்டுனதே இல்ல. ரேசன் கடையில ஒரு தடவ, அது அவன் எடையில கைய வச்சான். பேரூராட்சி ஆபீசுல ஒரு தடவ, அது முழுக்க அந்தக் கிளார்க்கு மேல தப்பு. எங்க நாத்தனா மண்டைய ஒடைச்சது கல்யாணமான புதுசுல, அதக் கணக்குல எடுக்கக்கூடாது.

சரி, விசயத்துக்கு வர்றேன். இந்தச் சித்திரையில தலைமையில இருந்து உத்தரவு வந்துச்சு. எலெக்சன் வர்ற வருசம், மாநிலம் பூரா வார்டுக்கு ஒரு நீர்மோர் பந்தல் போடணும், போட்டோ எடுத்து அனுப்பணும். எங்களுக்கு வந்த அதே வாரத்துல எதுத்த கட்சிக்காரய்ங்களுக்கும் உத்தரவு வந்துருச்சு. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல ஒரே ஒரு வாகை மரம். நெழலு அங்க மட்டுந்தேன். நாங்க ஒரு நா முந்திக்கிட்டோம். விடியக்காலையே போயி சவுக்குக் கம்ப ஊண்டிட்டோம். அவய்ங்க வந்து பாத்துட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில்ல போட்டாய்ங்க. அவய்ங்க பந்தலுக்கு ஆளு தெய்வேந்திரன். எட்டாவது வார்டுல எனக்கு எதிராளி. ஹார்டுவேர் கடை வச்சிருக்கான். வாயத் தெறந்தா மைக்கு வேணாம்.

நாங்க மோரு குடுத்தா அவன் ரோஸ் மில்க்கு. நாங்க வெள்ளரிக்கா வெட்டுனா அவன் தர்ப்பூசணி. நான் விடுவேனா? எளநி எறக்குனேன். ஒரு தாகத்துக்கு இம்புட்டு அடிதடியான்னு டீக்கடையில சிரிச்சாய்ங்க. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். குடிச்சது ஊரு சனந்தான? அதுல என்ன தப்பு?

எங்க பந்தல் தெறப்பு விழா அன்னைக்குத்தேன் எல்லாம் ஆரம்பிச்சுச்சு. மொத டம்ளரு யாருக்குக் குடுக்குறதுன்னு ஒண்ணு இருக்குல்ல, அது ரொம்ப முக்கியம்கா. நல்லா உடுத்துன ஆளு வாங்குனா போட்டோவுல எடுபடாது. குடிகாரன நிப்பாட்டுனா மானம் போயிரும். வயசான, ஏழப்பட்ட, பாத்தாப் பாவமா இருக்குற ஆளா வேணும். நான் தேடிக்கிட்டே நிக்கிறேன். பத்தரை மணி இருக்கும். ஒரு பெரியவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தலையில துண்டு போட்டுக்கிட்டு, சந்தைப் பக்கமிருந்து நடந்து வந்தாரு. அந்தக் காலத்துல சந்தையில மூட்ட தூக்குனவரு, பேரு சோணைமுத்து. ரோட்டு நடுவுல நின்னு அவய்ங்க பந்தலப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அங்க போகல. பெறகு எங்க பந்தலப் பாத்தாரு. ஒதடு வெடிச்சிருந்துச்சு. நான் ஓடிப்போயி கையப் புடிச்சுக் கூட்டியாந்தேன்.

கூட்டியாந்து டம்ளரக் கையில குடுத்து நிப்பாட்டுனேன். ‘குடிச்சிராதீங்கய்யா, எங்க பேரூர்ச் செயலாளரு வரணும், வந்து குடுத்த மாதிரி எடுக்கணும்’னேன். சரின்னாரு. செயலாளரு போன்ல ‘இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்’கிறாரு, வந்தபாடில்ல. முக்கா மணி நேரம் ஆச்சு. பெரியவரு டம்ளரப் புடிச்சபடியே நிக்கிறாரு. மோரு வேட்டியில சிந்துது. சிந்துன அளவுக்கு நாந்தேன் ரெண்டு தடவ திரும்ப ஊத்துனேன். அந்தத் தெய்வேந்திரன் பெறகு எல்லாருகிட்டயும் சொன்னான், தாகத்தோட வந்த மனுசன முக்கா மணி நேரம் நிக்க வச்சாய்ங்கன்னு. நெழல்லதான வச்சேன்? நான் என்ன வெயில்லயா நிக்க வச்சேன்? தெறக்காத பந்தல்ல எப்படிக்கா குடிக்க விடுறது?

செயலாளரு வந்தாரு. அவரு கை ஒண்ணு, துணைச் செயலாளரு கை ஒண்ணு, ஒன்றியம், இளைஞரணி, வக்கீலணி, அப்படியே பத்துக் கை டம்ளரப் புடிச்சுச்சு. டம்ளரே கண்ணுக்குத் தெரியல. என் கை அடியில மாட்டிக்கிச்சு, போட்டோவுல வளையல் மட்டுந்தேன் தெரியும். பெரியவரு வாயத் தெறந்துக்கிட்டு நிக்க, மூணு தடவ எடுத்தாய்ங்க. எடுத்து முடிச்சு எல்லாரும் கைய எடுத்த பெறகு நான் அவருக்கு வயிறு நெறைய ஊத்துனேன். நாலு டம்ளரு குடிச்சாரு. ‘நல்லாருப்ப தாயி’ன்னாரு. இத எவனும் போட்டோ எடுக்கல.

அவரு தெய்வேந்திரனோட அப்பன்.

அப்படிப் பாக்காதீங்க. எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமாத் தெரியாது. ஊருல ஆயிரம் பெரியவரு இருக்காக, ஒவ்வொருத்தரும் யாரப் பெத்தாகன்னு நான் என்ன கணக்கா எடுத்தேன்? ஆமா, எங்க வீட்டுல இருந்து மூணாவது தெருதேன். அரவை மில்லுக்குப் பின்னாடி தகரம் போட்ட ரூமுல தனியா இருக்காரு. பொண்டாட்டி செத்த பெறகு மருமக சேக்கல, மகனும் கண்டுக்கல. அவய்ங்க பந்தல் பக்கம் வந்து கேவலப்படுத்தக் கூடாதுன்னு மகன் சொல்லி வச்சிருந்தானாம். சரி, தெரியும்னே வச்சுக்கங்க. தெரிஞ்சா என்ன? தாகத்துக்கு மகன் யாருன்னு கேட்டா ஊத்த முடியும்?

போட்டோவ குரூப்புல போட்டேன். ‘தாகம் தீர்த்த தாயுள்ளம்’னு போட்டேன். அதுக்குக் கீழ ஒரு வரி. சும்மா ஒரு வரிதேன். ‘பெற்ற பிள்ளை கைவிட்டாலும் எங்கள் கட்சி கைவிடாது.’ படிக்க நல்லாருந்துச்சு, போட்டேன். தலைமை வரைக்கும் போயிருச்சு அந்தப் போட்டோ. மாவட்டத்துல இருந்து போன் போட்டுப் பாராட்டுனாக.

மறுநாக் காலையில தெய்வேந்திரன் டீக்கடையில ஒக்காந்திருந்த அப்பன கழுத்துத் துண்டப் புடிச்சு ரோட்டுக்கு இழுத்தான். பளார்னு ஒரு அறை. பெத்த அப்பனக்கா! எழுவத்தாறு வயசு ஆளு, அப்படியே சைக்கிள் மேல போயி விழுந்தாரு. ‘ஒரு டம்ளர் மோருக்கு என் மானத்த வித்துட்டியேடா கெழட்டுப் பயலே’ன்னு இன்னொரு அறை. மூக்குல ரத்தம். ஊரே நின்னு பாக்குது, ஒரு பய கிட்டப் போகல. நாலஞ்சு பேரு செல்லத் தூக்கிப் படம் எடுத்தாய்ங்க.

அப்படியே அவரத் தரதரன்னு எங்க பந்தலுக்கு இழுத்தாந்தான். கூட ஆறு பேரு, கையில ராடு. ‘சொல்லு, இவகிட்ட நீயாப் போயி கேட்டியா, இவளாக் கூப்பிட்டாளா?’ன்னான். பெரியவரு மூக்கு ரத்தத்தத் துண்டால தொடைச்சுக்கிட்டாரு. இவன் ஒரு ஒதை விட்டான், மோருப்பான ரெண்டும் ஒடைஞ்சுச்சு. ராடு வச்சிருந்தவய்ங்க பந்தலச் சரிச்சாய்ங்க, எங்க பய ஒருத்தனுக்குப் பல்லு தெறிச்சுச்சு, இன்னொருத்தன் தொடையில குத்து. வெள்ளரிக்கா வெட்டுற கத்திய எவனோ எடுத்துட்டான். ரோடு பூரா மோரும் ரத்தமும். என் முந்தானையப் புடிச்சு ஒருத்தன் இழுத்தான், அவன் கையக் கடிச்சேன், சதை வாயில வந்துச்சு. துப்பிட்டு, விழுந்து கெடந்த சவுக்குக் கம்ப எடுத்தேன். அவ்வளவுதேன், எனக்குக் கண்ணு தெரியல. தெய்வேந்திரன் மண்டையக் குறி வச்சு முழு பலத்தோட வீசுனேன்.

நடுவுல வந்துட்டாருக்கா. அந்த மனுசன். ரெண்டு அறை குடுத்த மகன மறைச்சுக்கிட்டு நடுவுல வந்து நின்னுட்டாரு. காதுக்கு மேல விழுந்துச்சு. தேங்கா ஒடைக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சு. என்னயப் பாத்தபடியே ஒக்காந்தாரு, பெறகு சாஞ்சாரு.

நான் அடிக்கல. கம்பு பட்டிருச்சு. கம்பு என் கையில இருந்துச்சு, அம்புட்டுத்தேன்.

எங்க கட்சியில சும்மா இருப்பாய்ங்களா? செயலாளரு என்னய நேரா ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயி, ‘தெய்வேந்திரன் பெத்த அப்பன ராடால மண்டையில அடிச்சான்’னு எழுதிக் குடுக்கச் சொன்னாரு. குடுத்தேன். டீக்கடையில அறைஞ்சத ஊரே பாத்துருக்கே, நம்பாம என்ன? அவன் என் பேர்ல குடுத்தான். இன்ஸ்பெக்டரு ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு, ‘கெழவன் கண்ணு முழிக்கட்டும். வாயத் தெறந்து யாரு பேரச் சொல்றாரோ அவங்கள உள்ள தள்ளுவேன். செத்தாருன்னா கொலைக் கேசு’ன்னுட்டாரு.

பெரியவரு அஞ்சு நா முழிக்கல. அந்த அஞ்சு நாளும் நான் கும்பிடாத சாமி இல்ல. மாரியம்மனுக்கு மாவெளக்கு, அய்யனாருக்குக் கெடா. ஒரு உசுருக்காக இம்புட்டு வேண்டுதல் வேற யாருக்கா வைப்பா, சொல்லுங்க? அவன் பெத்த மகன் வச்சானா?

ஆறாவது நா முழிச்சாரு. எடது காது அவுட்டு, எடது கண்ணுல பாதிப் பார்வைதேன். ஆஸ்பத்திரி பெட்டுக்கே ஜட்ஜு வந்து வாக்குமூலம் எடுத்தாரு. வாசல்ல இந்தப் பக்கம் நான், எங்க வக்கீலு. அந்தப் பக்கம் தெய்வேந்திரன், அவன் வக்கீலு. என்னய நேருக்கு நேரு பாத்த மனுசன். மறந்திருக்கணும் மறந்திருக்கணும்னு முணுமுணுக்கிறேன். ஜட்ஜு வெளிய வந்து போயிட்டாரு. வக்கீலு உள்ள போயி விசாரிச்சுட்டு வந்து என் காதுல சொன்னாரு, ‘கூட்டத்துல கால் பெரண்டு கல்லுல விழுந்தேன், என்னய யாரும் அடிக்கலன்னு சொல்லிட்டாரும்மா.’ எனக்குப் பொசுக்குன்னு உசுரு வந்துச்சு. அந்தப் பக்கம் அவனுக்கும் வந்திருக்கும், செவுத்துல சாஞ்சு நின்னுட்டான்.

அடி பலம், புத்தி மாறிப் போச்சு, அதேன் ஞாபகம் இல்லைன்னு நான் நெனச்சேன். செயலாளருக்குச் சந்தேகம். ‘எதுக்கும் நேர்ல போயி ஆழம் பாத்துட்டு வா தவமணி’ன்னாரு. ஆப்பிளு, சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். என்னயப் பாத்ததும் எந்திருச்சு ஒக்காந்தாரு. ‘விழுந்தது ஞாபகம் இருக்காய்யா?’ன்னேன். ‘விழுந்தேனா?’ன்னு என்னயவே பாத்தாரு. பெறகு, ‘நீ என்னத்தா செய்வ, அவன் பானைய ஒடைச்சதுக்கு ஒனக்குக் கோவம் வரத்தான செய்யும்’னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஞாபகம் இருந்திருக்குக்கா! அத்தனையும் இருந்திருக்கு!

‘பெறகு ஏய்யா அப்படிச் சொன்னீக?’ன்னு கேட்டேன். ‘நீதான ஊருக்குச் சேதி போடுறவ? எனக்கு ஒரே ஒரு சேதி போடணும்’னாரு. என்னன்னேன். ‘எம்மகன் எனக்கு ஒழுங்கா சோறு போடுறான், என்னய நல்லாப் பாத்துக்கிறான்னு போட்டுரு தாயி. அந்தப் போட்டோவுல இருந்து பயலுக்கு ஊருக்குள்ள தல காட்ட முடியல.’

‘போடுறானா?’ன்னேன்.

‘போடலதேன். நீ சேதியப் போடு’ன்னாரு.

எப்படிக்கா போடுவேன்? எதிராளியப் பத்தி நல்ல சேதி, அதும் என் கையால, எலெக்சன் வர்ற வருசத்துல! வீட்டுக்கு வந்து டைப் பண்ணுனேன், அழிச்சேன். மறுநா டைப் பண்ணுனேன், அழிச்சேன். பதினோரு நா. எங்க வீட்டுக்காரருதேன் மாவு பெசைஞ்சுக்கிட்டே, ‘என்னத்த அந்தச் செல்லையே நோண்டுற, போட்டுத் தொலை. உன்னய உள்ள தள்ளாம விட்ட மனுசன் கேட்டாரு’ன்னாரு. சரின்னு கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன். ‘பெரியவர் சோணைமுத்து அய்யா குணமாகி வீடு திரும்பினார். மகன் தெய்வேந்திரன் அவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்து வருகிறார். நல்ல உள்ளம் வாழ்க.’ வஞ்சகமில்லாம போட்டேன்கா. என் வாழ்க்கையில வஞ்சகமே இல்லாம நான் போட்ட ஒரே சேதி அதுதேன்னு வச்சுக்கங்க.

ஊரே சிரிச்சுச்சு. போட்ட அஞ்சாவது நிமிசம் எங்க ஆளுகதேன் ஆரம்பிச்சாய்ங்க. சிரிக்கிற பொம்மையா வந்து விழுகுது. ‘அக்கா, செம நக்கல்’னு ஒருத்தன். ‘தவமணியக்கான்னா சும்மாவா’ன்னு ஒருத்தன். ஒரு வெளங்காத பய, அப்பன அறையிற படத்தப் போட்டு, அதுமேல என் வரிய எழுதி அனுப்பிட்டான். செயலாளரே கைதட்டுற பொம்மை போட்டாரு. நக்கல் இல்லப்பா, நெசமாத்தேன் சொல்றேன்னு நான் போட்டதுக்கு அதவிடச் சிரிச்சாய்ங்க. நான் நல்லது சொன்னா நம்ப ஊருல ஒரு ஆளு இல்ல. அது எனக்கு அன்னைக்குத்தேன் தெரியும்.

சாயங்காலம் நாலு மணி. எங்க வீட்டுக்காரரு குனிஞ்சு மாவ அடிச்சுக்கிட்டிருக்காரு, நான் பக்கத்துல வெங்காயம் அரியிறேன். தெய்வேந்திரன் நடந்து வந்தான். ஓடிக்கூட வரல. சட்டைக்குள்ள இருந்து அருவாள உருவுனான், எங்க வீட்டுக்காரரு முதுகுல ஒரே போடு, தோள்ல இருந்து எலும்பு தெரிய எறங்கிருச்சு. மாவு மேல கொடகொடன்னு ரத்தம். அவரு அப்படியே மாவுலயே மொகம் பதிய விழுந்துட்டாரு, யாரு வெட்டுனான்னுகூடப் பாக்கல. அடுத்து என்னயப் பாத்து ஓங்குனான். ‘எங்கப்பன வச்சு இன்னும் எத்தன நாளைக்குடி சிரிப்ப?’ன்னான். நான் கத்துனேன், ‘ஒங்கப்பன்தேன்டா போடச் சொன்னாரு! ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒனக்காகக் கெஞ்சுனாருடா பாவி!’

ஓங்குன கை அப்படியே நின்னுருச்சுக்கா. அவன் மொகம் போன போக்க நான் எப்படிச் சொல்ல. அடிபட்டவன் இவரா அவனான்னு தெரியல. அருவாளப் போட்டுட்டுத் திரும்பி ஓடுனான். கடையில புரோட்டாவுக்கு நின்ன எட்டுப் பேரும், ‘நாங்க ஒண்ணும் பாக்கலையே’ன்னு போயிட்டாய்ங்க. மறுநா போலீசுல அவன அவன் அக்கா வீட்டுல வச்சுப் புடிச்சாக.

பதினேழு தையலு. இப்பத்தேன் எங்க வீட்டுக்காரரு எந்திருச்சு நடமாடுறாரு. தீவாளி வரைக்கும் மாவத் தொடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கடை சாத்திக் கெடக்கு. இதுக்கு அவன விடணுமா? செயலாளரு நேத்து வீட்டுக்கே வந்தாரு. ‘நாளைக்குப் போயி அடிச்சுச் சொல்லிரு தவமணி. அவன் உள்ள போயிட்டா அந்த வார்டுல அவய்ங்களுக்கு ஆளே கெடையாது. அடுத்து கவுன்சிலர் சீட்டு ஒனக்குத்தேன், நான் எழுதியே தர்றேன்’னாரு. இருவத்தி ரெண்டு வருசமா வெங்காயம் அரிஞ்சவளுக்கு கவுன்சிலர் சீட்டு கசக்குமாக்கா? ஆசையாத்தேன் இருக்கு. பொய் சொல்வானேன்.

இதுல ஒரு சனியன் இருக்கு. அவன் செயிலுக்குப் போனதும் பொண்டாட்டி புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. பெரியவரு அந்தத் தகர ரூமுல ஒத்தையில கெடக்காரு. வாக்குமூலத்த மாத்திரக் கூடாதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வரத்தேன் மொதல்ல போனேன். அடுப்பு அணைஞ்சு ரெண்டு நா ஆயிருந்துச்சு. மனசு கேக்கல, சோறு கொண்டு போனேன். பெறகு காலைக்கும் கொண்டு போனேன். ராவுக்கும். ஒரு காது கேக்காதுல்ல, ‘கொழம்பு ஊத்தவாய்யா, ரசம் ஊத்தவாய்யா’ன்னு நான் போடுற சத்தத்துல தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. ஆனா போட்டோ எடுக்கல. குரூப்புல போடல. போட்டா இன்னொரு வெட்டு விழும். எங்க வீட்டுக்காரரு படுத்துக்கிட்டே, ‘கெழவனுக்கு எடுத்து வச்சியா?’ன்னு கேப்பாரு. வெட்டுப்பட்ட மனுசன் கேக்குறாரு! ‘கோர்ட்டுல என்னங்க சொல்லட்டும்?’னு கேட்டா மட்டும், ‘பாத்தவ நீ, நீயே பாத்துக்க’ன்னு திரும்பிப் படுத்துக்கிறாரு.

இன்னைக்குக் காலையில இட்லி கொண்டு போனேன். பட்டுக்கரைச் சேலையப் பாத்துட்டு, ‘எங்க தாயி கெளம்பிட்ட?’ன்னாரு. நல்ல காதுப் பக்கமா குனிஞ்சு, ‘கோர்ட்டுக்கு’ன்னு சத்தமாச் சொன்னேன். கேக்கலைன்னு சொல்லிரக் கூடாதுல்ல. கேட்டுருச்சு. நாலு இட்லியும் தின்னாரு. தட்ட அவரே கழுவிக் குடுத்தாரு. நான் போகாம நின்னேன். வேணும்னேதேன் நின்னேன். கேப்பாருன்னு நின்னேன். ஒன்னய நான் விட்டேன்ல, எம்மகன நீ விட்டுருன்னு கேப்பாருன்னு. கேட்டா என்ன பதில் சொல்லணும்னு நாலு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அது வேறய்யா, இது வேறய்யா, எம்புருசன் சாகப் பொழைக்கக் கெடந்தாருய்யான்னு, எல்லாம் நாக்கு நுனியில இருந்துச்சு.

அவரு என்ன சொன்னாருங்குறீங்க? ‘வெயிலுக்கு முன்ன போயிட்டு வந்துரு தாயி’ன்னாரு. அம்புட்டுத்தேன். உள்ள போயி படுத்துக்கிட்டாரு.

ஒரு வார்த்த கேட்டா என்னக்கா அந்த மனுசனுக்கு? வாயில இருந்து முத்தா உதிந்துரும்? கேட்டிருந்தா முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லிட்டு நிம்மதியா வந்து பஸ் ஏறியிருப்பேன். கேக்கலையே. நான் என்ன செய்ய? தெருமுக்கு வரைக்கும் வந்து நின்னு அழுதேன். ஏன் அழுதேன்னு தெரியல, எனக்கு அழுகையே வராது, நாத்தனா செத்ததுக்குக்கூட வரல. இவருக்கு வந்துச்சு. நான் அடிச்சேன்கா. கம்பு பட்டுச்சுன்னு சொன்னேன்ல, இல்ல, நாந்தேன் அடிச்சேன், பொளந்து விட்டேன். அவன் வெட்டுனதுக்கு ஏழு வருசம்னா எனக்கு எத்தன வருசம்? அந்தக் கணக்க எந்த ஜட்ஜுகிட்டக் கேக்குறது?

என்னாது, பெரிய வேப்பமரம் தாண்டிருச்சா? அப்ப அடுத்த ஸ்டாப்பு கோர்ட்டுதேன். கொஞ்சம் பையப் புடிங்க, சேலையச் சரி பண்ணிக்கிறேன்.

முதுகப் பாத்தேன், மொகத்தப் பாக்கலைன்னு சொல்லப் போறேன். ஆமா, அப்படித்தேன். வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தேன், கண்ணு எரிச்சல், ஆளு யாருன்னு தெரியலன்னு சொல்லப் போறேன். வக்கீலு தலையில அடிச்சுக்குவாரு. செயலாளரு கட்சிய விட்டே தூக்குவாரு, தூக்கட்டும். சீட்டு போகும், போகட்டும்.

எரக்கப்பட்டுச் சொல்றேன்னு மட்டும் நெனச்சிராதீங்க. அந்த எடுபட்ட பய மேல எனக்கென்ன எரக்கம்? நாசமாப் போவான். அப்பனுக்கு மூணு வேளையும் நானே ஆக்கிக் கொட்டிக்கிட்டுக் கெடக்க முடியுமா, ஏழு வருசத்துக்கு? எனக்கு வேற சோலி இல்ல? வெளிய வந்து அவனே ஆக்கிப் போடட்டும் அவன் அப்பனுக்கு. ஏப்பா கண்டக்டரு, விசில் அடிப்பா, கோர்ட்டு எறங்கணும்!